‘ஐயோ பாவம்’ போட்டோ போதும்... நாய்க்கு வீடு கிடைக்க எப்படி போட்டோ எடுக்கணும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்களுக்கு இரண்டு வகை நாய் போட்டோக்கள் பழக்கம். ஒன்று, பார்க்கிங்கில் படுத்திருக்கும் நாயை மாடியிலிருந்து எடுத்து, “யாராவது கார்ப்பரேஷனுக்கு போன் பண்ணுங்கப்பா” என்று போடுவது. இன்னொன்று, கம்பிக்குப் பின்னால் காயத்தோடு நிற்கும் காப்பக நாய். அழுகை எமோஜி குவியும். மறுநாள் மறந்துபோகும்.

‘இந்த நாயோடு ஒரே வீட்டில் வாழ முடியுமா?’ என்ற கேள்விக்கு இரண்டிலுமே பதில் இல்லை.

இப்போது ஏன் இது முக்கியம்?

சென்னை மாநகராட்சியின் 2018 கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 57 ஆயிரம். 2024-ல் சுமார் 1.8 லட்சம். மண்டலவாரியாக முதலிடம் அம்பத்தூருக்குத்தான். ஏறக்குறைய 24 ஆயிரம்.

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை மறுபடி அங்கே விடக்கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதாவது, காப்பகத்துக்குள் போகும் நாய்கள் கூடும். வெளியே வர அவற்றுக்கு இருக்கும் வழி, யாராவது வீட்டுக்கு அழைத்துப்போவதுதான்.

போட்டோவால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் தத்தெடுப்புக்காக இணையத்தில் போடப்பட்ட 468 கறுப்பு லாப்ரடார் கலப்பின நாய்களின் படங்களை வைத்து ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. கேமராவை நேராகப் பார்க்கும், எழுந்து நிற்கும், திறந்தவெளியில் எடுக்கப்பட்ட படங்களில் இருந்த நாய்களுக்குச் சீக்கிரம் வீடு கிடைத்திருந்தது. போட்டோ மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், செலவே இல்லாமல் மாற்றக்கூடிய விஷயம் அது.

நம்ம ஊர் நாட்டு நாய்க்கும் இது பொருந்தும். தகர ஷெட்டுக்குள் செல்போனில் எடுத்தால் கறுப்பு நாயின் முகமே தெரியாது. காலை வெளிச்சத்தில் மரநிழலுக்கு அழைத்து வாருங்கள். முட்டி போட்டு, நாயின் கண் உயரத்தில் போனைப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். பராமரிப்பவர் பக்கத்தில் நிற்க ஒரு படம் எடுத்தால் நாயின் உயரம் புரியும். கயிறு பிடித்து நடக்கும் 15 விநாடி வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

கேப்ஷனில் கவிதை வேண்டாம்

வயது, கருத்தடை, தடுப்பூசி, குழந்தைகளிடம் எப்படிப் பழகும், தனியாக விட்டால் குரைக்குமா, யாரையாவது கடித்திருக்கிறதா... எல்லாவற்றையும் எழுத வேண்டும். அழகான படத்தைப் போட்டு இதை மறைத்தால், பத்தே நாளில் நாய் திரும்பி வரும். தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்று 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே, அழைத்துப்போகிறவருக்கு முழு விவரமும் தெரிந்தாக வேண்டும்.

‘போட்டோ எடுத்தா தெருநாய் பிரச்னை தீருமா?’

தீராது. எண்ணிக்கையைக் குறைப்பது கருத்தடை. ரேபிஸைத் தடுப்பது தடுப்பூசி. 1959-ல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், 1964-லேயே கருத்தடைத் திட்டத்தைக் கையில் எடுத்தது. எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வருபவரை நாலு நாய்கள் துரத்தினால் அவர் பயப்படுவது நியாயம்தான். அவரைப் பார்த்து ‘இரக்கம் இல்லாதவர்’ என்பது அபத்தம். போட்டோ செய்யும் வேலை வேறு. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு நாயை வெளியே கொண்டுவரும் வேலை அது.

தத்தெடுக்கும் முன்பு வாடகை வீட்டு ஓனரின் சம்மதம், ஆபீஸ் நேரம், ஊருக்குப் போகும் நாட்கள் எல்லாவற்றையும் யோசிக்கணும். அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் வருவதால் வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம். ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. அங்கே இருப்பவர்கள் அந்தந்த அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்த வீக்கெண்ட் காப்பகத்தில் அனுமதி வாங்கி ஒரு நாயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று போட்டோ, உண்மையான ஒரு கேப்ஷன். அதைப் பார்த்து நூறு பேர் ‘பாவம்’ சொல்ல வேண்டியதில்லை. “இவன் நம்ம வீட்டு வாசல்ல படுத்திருந்தா எப்படி இருக்கும்?” என்று ஒருத்தர் யோசித்தால் போதும்.