லோடு வண்டிக்குக் கொடுக்க வேண்டிய நேரம்

பலாப்பழக் காலம் வந்துவிட்டால் பண்ருட்டிப் பக்கத்துப் பிக்அப் வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. இரவில் லோடு ஏற்றி, விடியும் முன் சந்தையில் இறக்கி, அடுத்த நடைக்கு ஓடி வர வேண்டும். அங்கிருந்து சற்றுத் தள்ளி, நெய்வேலி நகரியத்தில் அதே ரக வண்டிகள் வேறு வேலை பார்க்கின்றன. ஒன்று சுரங்க வேலைக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோகிறது. ஒன்று மெயின் பஜாரில் காய்கறி இறக்குகிறது. இன்னொன்று குவார்ட்டர்ஸ் மாறுகிறவர்களின் கட்டிலையும் பீரோவையும் நகரியத்தின் ஒரு வட்டத்திலிருந்து (பிளாக்) இன்னொரு வட்டத்துக்கு ஏற்றிப் போகிறது. பொலேரோ பிக்அப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா யோதா என்று பெயர்கள் வேறானாலும் பானட்டுக்குக் கீழே இருப்பது ஒரே வகை எஞ்சின்தான்: டர்போ பொருத்திய, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் எஞ்சின்.

இந்த வண்டி பட்டறையில் போய் நின்றால் உரிமையாளர் டிரைவரைத் திட்டுகிறார், டிரைவர் கம்பெனியைத் திட்டுகிறார். டர்போ, இன்ஜெக்டர், சைலன்சர் ஃபில்டர் ஆகிய மூன்றும்தான் இந்த வண்டிகளில் பெருஞ்செலவு வைப்பவை. அவற்றின் ஆயுளைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, ஒரு நாளில் வண்டிக்குக் கிடைக்கும் சில நிமிட அவகாசம். அந்த அவகாசத்தைக் கொடுப்பது உரிமையாளர் கையில் இருக்கிறது.

தமிழ்நாட்டு டிரைவர்களில் பலர் தொழில் பழகியது ‘குட்டி யானை’யில். 2005இல் வந்த டாடா ஏஸின் முதல் எஞ்சின் 702 சிசி, இரண்டு சிலிண்டர், டர்போ கிடையாது. சாவியைத் திருகியதும் கிளம்பலாம், நிறுத்திய கணத்தில் அணைக்கலாம். அந்தப் பழக்கத்தோடுதான் அவர்கள் பெரிய வண்டிக்கு மாறினார்கள். மாறும்போது யாரும் எதையும் சொல்லித் தரவில்லை.

டர்போ என்பது புகையின் வேகத்தால் சுழலும் ஒரு சிறு சக்கரம். அதன் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் இந்த அச்சு, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் ஓடுகிறது. காலையில் செல்ஃப் எடுத்தவுடன் ஆயில் அங்கே போய்ச் சேரச் சில நொடி ஆகும். அதற்குள் ஆக்ஸிலேட்டரை மிதித்து ‘ரேஸ்’ கொடுத்தால் அச்சு காய்ந்த நிலையில் சுற்றித் தேய்கிறது. ஆபத்து மாலையிலும் உண்டு. லோடோடு நெடுஞ்சாலையில் விரட்டி வந்த வண்டியில் டர்போவின் புகைப் பக்கம் அறுநூறு டிகிரியைத் தாண்டிக் கொதித்துக்கொண்டிருக்கும். வந்த வேகத்தில் சாவியைத் திருகி அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், உள்ளே தங்கிய ஆயில் வெந்து கரியாக ஒட்டிக்கொள்ளும். நாள்தோறும் இப்படிப் படிந்தால் ஆயில் போகும் வழி அடைபட்டு, பேரிங் தேய்ந்து, ஒருநாள் வண்டி நீலப் புகை கக்கும்.

கிளம்பும்போது அரை நிமிடம், பிறகு முதல் சில கிலோமீட்டர் நிதானம், நிறுத்துமுன் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலிங். இதற்கு மேல் டர்போ எதையும் கேட்பதில்லை. ஊருக்குள் மெதுவாக வந்து சேர்ந்திருந்தால் அந்தக் கடைசி ஐடிலிங்கும் தேவையில்லை.

கியரிலும் ஒரு தவறான சிக்கனம் பரவியிருக்கிறது. மைலேஜ் கிடைக்கும் என்று லோடு வண்டியை டாப் கியரிலேயே போட்டு, எஞ்சின் திணறி உதறும் வரை இழுக்கிறார்கள். குறைந்த சுற்றில் டர்போ போதிய காற்றைத் தராது. டீசல் முழுதாக எரியாமல் கரியாகும், பிஸ்டனும் பேரிங்கும் அடி வாங்கும். ஒரு கியர் குறைப்பதுதான் அங்கே உண்மையான சிக்கனம். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் வீண். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய எஞ்சின் டீசலை அடியோடு நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்காகக் குடிக்கிறது.

அடுத்து தூசு. நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். அந்த மண் தூசாகப் பறக்கும் பாதையில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சாதாரணச் சாலைக்கு எழுதிய ஏர் ஃபில்டர் கணக்கு பொருந்தாது. பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடித்து ஃபில்டரைச் ‘சுத்தம்’ செய்வது பலரின் வழக்கம். அதில் காகித மடிப்பு கிழிந்துவிட்டால் தூசு நேராக டர்போவின் இறக்கைக்கும் சிலிண்டருக்கும் போகும். புது ஃபில்டரின் விலை டர்போ விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. டீசல் ஃபில்டரிலும் அப்படியே: காமன் ரெயில் எஞ்சினில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது, இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். அடியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். 2015இலும் 2024இலும் கடலூர் மாவட்டம் மூழ்கியதுபோல வெள்ளம் வரும் நாளில், தண்ணீரில் நின்றுபோன வண்டிக்கு மறுபடி செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் ஒரே அடியில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

நகரியத்துக்குள்ளேயே ஓடும் வண்டிகளுக்குத்தான் பெரிய சிக்கல் காத்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி வந்தது. டீசலில் கந்தகம் 50 பி.பி.எம்.மிலிருந்து 10 ஆகக் குறைந்தது, பெரும்பாலான டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் ஏறியது. சுருக்கமாக டி.பி.எஃப். அனல் மின் நிலையத்தில் புகைபோக்கிக்கு முன்னால் சாம்பலைப் பிடிக்கும் கருவியை அறிந்த நெய்வேலிக்காரருக்கு இதைப் புரியவைப்பது எளிது. பிடித்த கரியை ஃபில்டர் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு உள்ளே அறுநூறு டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும். அந்தச் சூட்டுக்கு வண்டி நிற்காமல் கால் மணி நேரமாவது ஓட வேண்டும்.

நகரியத்தின் மரநிழல் சாலையில் அது நடப்பதில்லை. இரண்டு கிலோமீட்டர் ஓட்டம், அரை மணி நிறுத்தம், மறுபடி இரண்டு கிலோமீட்டர். கத்திரி வெயிலில் ஏ.சி.க்காக மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்கும் வண்டியின் நிலை இன்னும் மோசம். கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைப் பாய்ச்சுகிறது. பாதியிலேயே சாவியை அணைத்தால் அதில் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியிருந்தால் மகிழக் கூடாது. ஆயில் நீர்த்துவிட்டது என்று பொருள், டர்போவின் அச்சும் அந்த நீர்த்த ஆயிலில்தான் மிதக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை விருத்தாசலம் வரை சீரான வேகத்தில் போய் வந்தால் போதும், இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கரி எரிந்துவிடும். ஆனால் எஞ்சின் ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது. சாம்பல் குறைந்த பி.எஸ். 6 ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிவிட்டு, அடைபட்ட ஃபில்டரை அறுத்தெறிந்து தரச் சொல்லிப் பட்டறையில் வந்து நிற்பவர்கள் உண்டு. இது ஊருக்குச் செய்யும் துரோகம். வண்டியின் அமைப்பை அனுமதியின்றி மாற்றுவது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தனி. பொலேரோ பிக்அப்பிலேயே 1.3 டன், 1.7 டன் என்று ரகங்கள் இருக்க, சின்ன ரகத்தை வாங்கிப் பெரிய ரகத்தின் லோடை ஏற்றுவது எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் ஒருசேரச் செய்யும் கொடுமை.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உறுதி செய்தது. பிழைப்புத் தேடும் இளைஞர்களுக்கு நல்ல தீர்ப்பு. ஆனால் கார் ஓட்டிப் பழகிய கையோடு நேராக லோடு வண்டியில் ஏறுபவருக்கு டி.பி.எஃப். விளக்கு எப்படி இருக்கும் என்று காட்டும் பொறுப்பு யாருடையது? வண்டி விற்பவர் சாவி கொடுக்கும் நாளில் டிரைவரையும் வரவழைத்துத் தமிழில் விளக்க வேண்டும். விளக்குகளின் பொருளைத் தமிழில் அச்சிட்டுக் கதவின் உட்புறம் ஒட்டித் தர வேண்டும்.

வண்டி வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நிறுத்துமுன் தரும் இரண்டு நிமிடத்தையும், வாரம் ஒரு முறை விருத்தாசலம் போய் வரும் டீசலையும் நடைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று போன் செய்யும் டிரைவரிடம், ‘இன்னும் ஒரு நடை அடிச்சிட்டு வாப்பா’ என்று சொல்லாதீர்கள்.