ஓர் இரவுப் பயணமும் நம் பிள்ளைகளின் தமிழும்



சென்ற மாரிகாலத்தில் நடைபெற்ற நம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு யோசனை முன்வைக்கப்பட்டது. மேல்வகுப்பு மாணவர்களை மொன்றியலிலிருந்து ஹலிபாக்ஸ் வரை இரவுப் புகையிரதத்தில் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லலாம் என்பதே அது. பத்து நிமிடங்களுக்குள் அந்த யோசனை கைவிடப்பட்டது. செலவு அதிகம், பெண்பிள்ளைகளை இரவில் அனுப்ப இயலாது, இதனால் தமிழுக்கு என்ன பயன்? இவையே கூறப்பட்ட காரணங்கள். அன்று வாய்திறவாது அமர்ந்திருந்தவர்களுள் யானும் ஒருவன். அந்த மௌனம் தவறென்று உணர்ந்தமையால் இதனை எழுதுகின்றேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளாகிய எமக்கு உலகின் வாயிலைத் திறந்துவிட்டது புகையிரதமே. வடபகுதிப் பாதை 1905ஆம் ஆண்டில் கொழும்போடு இணைக்கப்பட்டது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி பகல்வண்டியாக ஓடத் தொடங்கிற்று. ஆயினும், எம் தலைமுறையின் நெஞ்சில் நிலைத்தது இரவுத் தபால் வண்டிதான். எழுபதுகளின் நடுப்பகுதியில், கொழும்புச் சுற்றுலாவுக்காக எம் வகுப்பு அவ்வண்டியில் ஏறிற்று. மூன்றாம் வகுப்புப் பெட்டி; மரத்தட்டு இருக்கை; வாழையிலையில் கட்டிய இடியப்பப் பொதி. வகுப்பறையில் புலியெனச் சீறும் ஆசிரியர், காய்ச்சல் கண்ட மாணவனுக்குத் தம் சால்வையைப் போர்த்திவிட்டு விடியும்வரை விழித்திருந்தார். ஆண்டு முழுவதும் வாய்திறவாத ஒரு நண்பன், மதவாச்சி தாண்டியபின் தன் தந்தையின் தோட்டத்துக் கதைகளைச் சொல்லத் தொடங்கி எம் அனைவரையும் சிரிக்க வைத்தான். மாகோவில் ஏறிய ஒரு சிங்களத் தாய் தம் பிள்ளைக்கு வைத்திருந்த வாழைப்பழங்களை எமக்கும் பகிர்ந்தளித்தார். திரும்பி வருகையில், ஆனையிறவின் உப்புக்காற்று முகத்தில் பட்ட விடிகாலையில், நாம் புறப்பட்ட அதே மாணவர்களாக இருக்கவில்லை.

1990 ஜூனில் அப்பாதையில் யாழ்ப்பாணத்துக்கான வண்டிகள் நின்றன. போர் தண்டவாளங்களையும் விட்டுவைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 13ஆந் திகதியே யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை வந்தடைந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தம் ஊரில் புகையிரதத்தைக் காணாமலே பள்ளிப்படிப்பை முடித்தனர். அவர்கள் இழந்தது ஓர் ஊர்தியை மட்டுமன்று. வேற்றூரையும் வேற்று மனிதரையும் அச்சமின்றிக் காணும் வாய்ப்பையும் இழந்தனர். அவர்களுக்குப் போர் மறுத்த அந்த வாய்ப்பை, இங்குள்ள நம் பிள்ளைகளுக்கு நம் அச்சம் மறுக்கலாமா?

தமிழுக்கு என்ன பயன் என்ற வினாவுக்கு வருவோம். சனிக்கிழமை காலையில் சில மணிநேரம் நம் பிள்ளைகள் தமிழ் படிக்கின்றார்கள். ஆத்திசூடி ஒப்புவிக்கின்றார்கள், பேச்சுப்போட்டியில் பரிசும் பெறுகின்றார்கள். ஆனால் பசிக்கும்போதும், உறக்கம் வராதபோதும், நண்பனோடு பிணங்கும்போதும் பேசுவதற்கு அவர்களிடம் தமிழ் இல்லை. பாடநூல் அதனைக் கற்பிக்க இயலாது. ஒரே பெட்டியில் ஓர் இரவைக் கழிக்க நேரும்போதுதான் மொழி பாடமாக இல்லாமல் வாழ்க்கையாக மாறுகின்றது.

சீன தேசத்தை எண்ணிப் பாருங்கள். பெய்ஜிங்கிலிருந்து சியான் நகருக்கு இரவு வண்டியில் செல்லும் மாணவர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக மும்மூன்று படுக்கைகள் எதிரெதிரே அமைந்த அடுக்குகளில் உறங்குகின்றார்கள். பெட்டிதோறும் கொதிநீர் கிடைக்கும். அந்நீரில் நூடில்ஸ் ஊறும் சில நிமிடங்களில் அந்நியர் அறிமுகமாகின்றனர். அதே தூரத்தை ஐந்தாறு மணிநேரத்தில் கடக்கும் அதிவேக வண்டிகள் அங்கு வந்துவிட்டன. விரைவு நல்லதே. எனினும், மெதுவாகச் செல்லும் வண்டி தரும் தோழமையை விரைவு வண்டி தருவதில்லை.

ஹலிபாக்ஸ் ஏன் என்றும் சிலர் வினவினர். மொன்றியலிலிருந்து அந்நகருக்குச் செல்லும் 'ஓஷன்' வண்டி 1904ஆம் ஆண்டு முதல் ஓடிவருவது. ஏறக்குறைய 1,350 கிலோமீற்றர் தூரத்தை ஓர் இரவும் மறுநாட் பகலுமாகக் கடக்கின்றது. அது சென்றடையும் நிலையத்துக்கு அண்மையில் உள்ளது 'பியர் 21' என்னும் துறைமுகக் கட்டடம். 1928 தொடக்கம் 1971 வரை ஏறத்தாழப் பத்து இலட்சம் குடிவரவாளர் அதனூடாகவே கனடாவினுள் காலடி வைத்தனர். இன்று அது தேசிய குடிவரவு அருங்காட்சியகம். அதே அத்திலாந்திக் சமுத்திரத்தில், 1986 ஓகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அப்பகுதி மீனவர் மீட்டெடுத்தனர். அக்கடலைக் கண்முன்னே காட்டி இக்கதையைத் தமிழிற் சொல்லும் நாள், ஓராண்டுப் பாடத்துக்கு ஈடாகும்.

எதிர்ப்புகளை அலட்சியம் செய்யலாகாது. செலவு உண்மையானது, இரண்டு வேலை செய்து வாடகை கட்டும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. ஆதலால், ஓராண்டு முன்னரே திட்டமிட்டுச் சிறுகச் சிறுகச் சேமிக்க வேண்டும். மண்டப அலங்காரத்துக்கும் பொன்னாடைகளுக்கும் நாம் செலவிடுவதில் ஒரு பங்கை இயலாத பிள்ளைகளுக்கென ஒதுக்கலாம். பெண்பிள்ளைகளைப் பற்றிய கவலையும் பெற்ற மனத்துக்கு இயல்பே. அதற்குப் பரிகாரம் அவர்களை வீட்டில் நிறுத்துவதன்று. தாய்மாரும் ஆசிரியைகளும் உடன் செல்வதே. இன்னும் இரண்டொரு ஆண்டுகளில் அப்பிள்ளைகள் பல்கலைக்கழகம் நாடித் தனியே புறப்படப் போகின்றவர்கள் என்பதையும் மறத்தலாகாது. பிள்ளைகள் வண்டியில் ஆங்கிலமே பேசுவர் என்பதும் பெரும்பாலும் உண்மையே. ஆயினும், உடன் செல்லும் ஒரு பாட்டியாரிடம் கதை கேட்கவும், அன்றன்று கண்டதைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதவும் ஒழுங்கு செய்தால், ஒரு பகுதியேனும் தமிழாகும். அது சிறிதன்று.

நம் டோர்செட் பார்க் பிள்ளைகள் எல்ஸ்மியர், லோரன்ஸ் ஈஸ்ட் நிலையங்களில் ஏறியிறங்கிய ஸ்காபரோ வண்டி, 1985இல் தொடங்கி, 2023 ஜூலையில் தடம்புரண்ட பின்னர் மீண்டும் ஓடவேயில்லை. வண்டிகள் நமக்காகக் காத்திருப்பதில்லை. பிள்ளைப் பருவமும் அவ்வாறே.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இந்த யோசனையை மீண்டும் முன்மொழிவேன். வழிமொழிய ஒரு தாய் எழுந்து நிற்பாராயின், முதற் பயணத்தில் பிள்ளைகளுக்காக விழித்திருக்கும் பொறுப்பை மகிழ்வோடு ஏற்பேன். என் ஆசிரியர் அன்று போர்த்திய சால்வைக்கு நான் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவே.