மின்னலுக்கும் பட்டாவா?

நிலத்துக்கு வேலி போட்டார்கள். தண்ணீருக்கு விலை வைத்தார்கள். இப்போது வானத்து மின்னலுக்கும் பட்டா கேட்கிறார்கள்! மின்னலைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் யோசனைக்குப் 'பேடண்ட்' வேண்டுமாம். அதாவது, இத்தனை ஆண்டுக்கு வேறெவனும் இதைத் தொடக்கூடாது என்று சர்க்கார் எழுதித்தரும் சாசனம்.

இந்த ஆசை புதிதல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த ஹாம்பர்க் நகரில் இருந்த ஹெர்மன் பிளவுசன் என்பவர் 1925-லேயே அமெரிக்காவில் இப்படியொரு பேடண்ட் வாங்கினார். ஊசி பதித்த பலூன்களைப் பறக்கவிட்டு, வானத்து மின்சாரத்தைக் கம்பி வழியே இறக்குவது அவர் திட்டம். அன்றைய சட்டப்படி 17 ஆண்டு உரிமை. அதனால் எத்தனை ஆலை ஓடியது? மின்னலால் ஓடும் மின்நிலையம் இன்றுவரை உலகில் ஒன்றுகூட இல்லை!

காரணம் என்ன? ஒரு மின்னல் வெட்டின் சக்தி சுமார் நூறு கோடி ஜூல் என்கிறது விஞ்ஞானம். யூனிட் கணக்கில் 280தான். அதிலும் பெரும்பகுதி வெப்பமாக, வெளிச்சமாக, இடிமுழக்கமாகக் காற்றிலேயே கரைந்துவிடும். பெரும்பாலான மின்னல்கள் தரைக்கே வருவதில்லை.

பிறகு எதற்குப் பேடண்ட்? அதைக் காட்டிப் பங்கு விற்கலாம். நாளை வேறொருவன் உண்மையிலேயே வழி கண்டால், குறுக்கே நின்று சுங்கம் கேட்கலாம்.

"கண்டுபிடித்தவனுக்குக் கூலி வேண்டாமா?" என்பார்கள். வேண்டும் என்றே நாமும் சொல்கிறோம். ஆனால் கம்பெனியில் சம்பளத்துக்கு உழைக்கும் எஞ்சினீயரின் கண்டுபிடிப்பு, ஒப்பந்தப்படி கம்பெனிக்குத்தானே போகிறது?

இடிதாங்கியைக் கண்ட பெஞ்சமின் பிராங்க்ளின் அதற்குப் பேடண்ட் எடுக்கவில்லை. அமைக்கும் முறையை 1753-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் அச்சிட்டு ஊருக்கே கொடுத்தார். அவர் கம்யூனிஸ்டல்ல, அச்சகம் நடத்திய வியாபாரி!

இருந்தும் என்ன? 2022-ல் மட்டும் நம் நாட்டில் மின்னல் தாக்கி 2,887 பேர் மாண்டதாகச் சர்க்கார் கணக்கே கூறுகிறது. நாற்று நடும் வயலிலும், மாடு மேய்க்கும் பொட்டலிலும், ஒதுங்கிய மரத்தடியிலும் விழுந்தவர்கள் அதில் எத்தனை பேர்! மாளிகைக்கு இடிதாங்கி உண்டு. மில் புகைபோக்கிக்கும் உண்டு. வயலில் குனிந்து நிற்பவளுக்கு ஒதுங்க ஒரு கூரை இல்லை.

தோழர்களே! வயற்காட்டில் இடிதாங்கி வைத்த கூரை வேண்டும். இடி வருமுன் ஊருக்கு எச்சரிக்கை வேண்டும். இடிக்கு அஞ்சிக் கரையேறினால் கூலி வெட்டக்கூடாது. சங்கக் கூட்டங்களில் இதை எழுப்புவோம்! மின்னலுக்குப் பட்டா கொடுக்கும் முன், மின்னலுக்கு இரையாகும் உழைப்பாளிக்குப் பாதுகாப்புக் கொடு!