பம்பைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

வாசிச் சந்தையிலோ ஆசாத்பூர் மண்டியிலோ விடியுமுன் சரக்கேற்றும் டீசல் பிக்கப் வண்டியை நம்பி அடுப்பெரியும் வீடுகள் நம்மவரிடையே உண்டு. அவ்வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போயிற்று. கடன் தவணையோ நிற்பதில்லை.

இத்தகைய வேளையில், "பம்ப் போயிற்று, இன்ஜெக்டர் போயிற்று" என்று பட்டறையில் சொன்னால் உடனே தலையசைத்து விடுகிறோம். எரிபொருள் வழியில் விலை மிக்க உறுப்புகள் இவ்விரண்டுமே. கோளாறோ பல வேளைகளில் அவற்றுக்கு முன்னே, மலிவான இடத்தில் இருக்கும். ஆதலின் தொட்டியில் தொடங்கி இயந்திரம் வரை வரிசையாகப் பார்த்து வருதல் வேண்டும். தேட வேண்டியவை அழுக்கு, நீர், காற்று ஆகிய மூன்றே.

காலியாக நன்கு ஓடும் வண்டி, சுமையுடன் மேடேறும்போது மட்டும் இழுவை குன்றினால், டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் இதே குறிதான் தோன்றும். மூடியைத் திறந்ததும் காற்று சீறி உட்புகுந்து, வண்டியும் சீரானால், குற்றம் மூடியினுடையது.

நீர் டீசலினும் கனமானது; ஆகவே ஃபில்டரின் அடியில் தங்கும். இயந்திரத்தை நிறுத்தி, அடித்திருகைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும் வரை கண்ணாடிக் குவளையில் வடித்துப் பாருங்கள். பம்புக்கு மசகும் டீசலே. நீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தும் ஓட்டினால் பம்ப் துருவேறித் தேயும்.

காலையில் நெடுநேரம் சுழற்றிய பின்பே புறப்படுவதும், புறப்பட்டு உடனே நின்றுவிடுவதும் காற்றுப் புகுந்ததன் அடையாளம். தொட்டிக்குள் மின்பம்ப் இல்லாத வண்டிகளில் டீசல் உறிஞ்சியே எடுக்கப்படுகிறது. அங்கே குழாய் வெடித்தாலும் வெளியே சொட்டாது; காற்றுத்தான் உள்ளே போகும். இணைப்புகளை இறுக்கி, கைப்பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அழுத்துங்கள். ஃபில்டர் மாற்றிய பின்னும், டீசல் தீர்ந்து நின்ற பின்னும் இதுவே செய்யத் தக்கது.

ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவர். காமன் ரெயில் வண்டியில் அவ்வாறு செய்யலாகாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கும் மேலாக உயரும். மெல்லிய தாரை தோலைத் துளைத்து உட்செல்லும். புள்ளியளவே காயம் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் வண்டி கிளம்பவில்லையெனில் பட்டறையை நாடுங்கள். சோதனைக் கருவியை இணைத்தால் ரெயில் அழுத்தம் எண்ணாகவே தெரியும். "அளவு எவ்வளவு? இருக்க வேண்டியது எவ்வளவு?" என்று கேளுங்கள். விடை பெற்ற பின்னரே பம்பைக் கழற்ற இசையுங்கள். கேட்பதில் நாணம் வேண்டா. செலவாவது நம் குடும்பத்துப் பணம்.