கல்வெட்டிலும் இல்லை, கணினியிலும் இல்லை

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசாத தலைவர் கிடையாது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைச் சொன்னார். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜனநாயகம் என்கிறார்கள். சரி, அந்தக் கல்வெட்டை முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு பிராமணச் சபை. அந்த நிலத்தில் ஏர் ஓட்டியவர் பெயரும் நாற்று நட்டவர் பெயரும் எந்தக் குடத்திலும் விழவில்லை.

இப்போது அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, திருப்புலிவனத்துக்கு வாருங்கள். இந்தப் பக்கத்துச் சேரிகளில் பலருக்கும் தெரிந்த கதை இது. ஊர்க்காரரிடம் அரை ஏக்கரை வாய்வார்த்தையில் குத்தகைக்கு எடுத்துக் கத்தரியோ வெண்டையோ போட்டிருக்கும் அக்கா. விதை அவர் வாங்கியது. மருந்துக் கடன் அவர் தலையில். விடியுமுன் காய் பறித்து மூட்டை கட்டி வண்டியில் ஏற்றுவதும் அவர்தான். ஆனால் அரசின் புதிய கணினிப் பதிவேட்டைக் கேட்டால், அவர் விவசாயியே இல்லை.

2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆதாரைப் போல ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு தனி எண். 11 கோடிப் பேருக்கு என்பது இலக்கு. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் ஊர் ஊராக முகாம் போட்டார்கள். எதைக் கொண்டுவரச் சொன்னார்கள்? ஆதார், அதோடு இணைத்த செல்போன், பட்டா. மூன்றாவதில்தான் நம் ஆட்கள் திரும்பி வந்தார்கள். குத்தகைக்காரருக்குப் பட்டா ஏது? புறம்போக்கில் பயிர் வைப்பவருக்கு ஏது? தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும் கால் ஏக்கரைப் பிரித்து எழுத எத்தனை முறை தாலுகா ஆபீசுக்கு நடப்பது?

'இது வெறும் தொழில்நுட்பம், படிப்படியாகச் சரியாகும்' என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் கட்டத்தை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்பவர் மனிதர்தான். பி.எம். கிசான் 2019இல் வந்தபோதே ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் உள்ள குடும்பத்துக்கு மட்டும் என்று எழுதினார்கள். நாடு முழுக்க மக்கள்தொகையில் நாம் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடிப் பரப்பில் நம் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் குறைவு. நிலத்தை வைத்து விவசாயியை அளந்தால் யார் விழுவார்கள் என்று கணினிக்கு முன்பே தெரியும்.

காய்கறி விஷயத்தில் இது இன்னும் கூர்மை. உழவர் சந்தை அடையாள அட்டைக்கு நிலச் சான்று கேட்கிறார்கள். சொட்டுநீர் மானியத்துக்குப் பட்டா, சிட்டா. இ-நாம் என்ற மின்னணுச் சந்தையை 2016 ஏப்ரல் 14ஆம் தேதி, அண்ணலின் பிறந்தநாளிலேயே தொடங்கினார்கள். அந்தத் தேதியைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கு அவர் மக்கள் அந்தச் சந்தையில் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று யோசிக்கத் தெரியவில்லை. ஏற்றுமதித் திராட்சைக்கு 2006 முதல் தோட்டம் தோட்டமாகப் பதிவு உண்டு. பழத்தில் மருந்து எச்சம் இருந்தால் எந்தத் தோட்டம் என்று கண்டுபிடிக்கலாம். அந்த மருந்தை முதுகில் சுமந்து தெளித்தவரின் நுரையீரலில் என்ன எச்சம் என்று சொல்ல அங்கே ஒரு கட்டமும் இல்லை.

அரசுக்கு நம்மைக் கணக்கெடுக்கவே தெரியாது என்று நினைக்காதீர்கள். அதே அக்கா நூறு நாள் வேலைக்குப் போனால் கதை வேறு. 2023 ஜனவரியில் செயலி வழி வருகைப்பதிவு எல்லா வேலைத்தளத்துக்கும் கட்டாயமானது. ஒரு நாளில் இரண்டு முறை படம், இடக்குறிப்போடு, நேரக்குறிப்போடு. சிக்னல் கிடைக்காவிட்டால் கூலிக்கு ஆபத்து. கண்காணிக்க வேண்டும் என்றால் அவர் முகம் தெரிகிறது. உரிமை தர வேண்டும் என்றால் பெயர்கூடத் தெரியவில்லை.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல்லை எடுக்கிறீர்கள், ஆளை எப்போது சேர்ப்பீர்கள்?

சட்டம் இல்லாமலும் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பதிவு செய்யக் கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்ற பயத்தில் அது பலருக்குக் காகிதமாகவே நிற்கிறது. ஆந்திரம் 2019இல் சாகுபடியாளருக்குத் தனி அட்டை தரச் சட்டம் போட்டது. அதிலும் நில உடைமையாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள், அதுவே முட்டுக்கட்டை ஆனது. ஒடிசாவின் காலியா திட்டம் குத்தகைக்காரரையும் நிலமற்ற கூலிகளையும் பயனாளிகளாகச் சேர்த்தது. ஆகவே செய்ய முடியாதது என்று யாரும் சொல்ல வேண்டாம். உடைமையாளர் கையெழுத்து இல்லாமல், கிராம சபையிலும் பக்கத்து வயல்காரர் சாட்சியிலும் சாகுபடியாளரைப் பதிவு செய்ய வேண்டும். கோரிக்கை இதுதான்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் அடிப்படை. நமக்கு ஏன் பட்டா இல்லை? இந்தப் பகுதி அன்று செங்கல்பட்டு ஜில்லா. அதன் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலைமையை எழுதி அனுப்ப, 1892இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் நம்மவருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள்.

அந்த நிலங்கள் கை மாறிய பின்தான் பதிவேடுகள் கணினிக்கு ஏறின. இன்று ஒரு பஞ்சமி நிலத்தை வளைத்து வைத்திருப்பவர் அதன் பட்டாவைக் காட்டி விவசாயி எண் வாங்கலாம், மானியம் வாங்கலாம். அபகரிப்புக்கு டிஜிட்டல் முத்திரை விழுகிறது. செயற்கைக்கோளில் எந்த வயலில் என்ன பயிர் என்று பார்க்கும் அரசு, ஒரு சர்வே எண்ணுக்கு எதிரே 'பஞ்சமி' என்று ஒரு சொல் சேர்க்க மாட்டேன் என்கிறது.

திருப்புலிவனம் அரசுக் கல்லூரியிலும் மற்ற கல்லூரிகளிலும் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை. 2024 நவம்பரில் வேளாண் மாணவர்களை டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்கு வயலில் இறக்கினார்களே, நினைவிருக்கும். அரசுக்காகக் கணக்கெடுத்தது போதும், நமக்காக எடுப்போம். உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டை இணையத்தில் எடுங்கள். பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டையும் சர்வே எண் வாரியாக ஒப்பிடுங்கள். குத்தகைக்காரர் பெயரை மட்டும் அவர்கள் சம்மதம் இல்லாமல் எங்கும் எழுதாதீர்கள், போட்டோ போடாதீர்கள். நிலத்தை இழப்பவர் அவர்தான், நாம் அல்ல. ஒப்பீடு முடிந்ததும் அடுத்த கிராம சபையில் எழுத்து மூலமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள்.