டஃபி என்று எழுதியிருந்தார்கள்

அறந்தாங்கியில் எங்கள் தெருவில் யாருக்கும் டஃபியைத் தெரியாது. இங்கே அவன் டப்பி. பால்காரருக்கு டப்பி, எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு டப்பி, எனக்கும் டப்பிதான். சென்னையில் மகன் நாய்க்கு வைத்த டஃபி என்ற பெயர் காகிதத்தில் மட்டும் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கவிழ்த்தார்கள்.

‘டஃபியின் மைக்ரோசிப் பதிவு இன்று நள்ளிரவோடு காலாவதி. 1,180 ரூபாய் கட்டவும். தவறினால் பதிவு நீக்கம், 5,000 ரூபாய் அபராதம்.’ மின்னஞ்சலில் இருந்த 15 இலக்க எண்ணை, மகன் விட்டுப்போன கோப்போடு வைத்துச் சரிபார்த்தேன். 33 வருஷம் கணக்கு வாத்தியார் அல்லவா! ஒரு இலக்கம் தப்பில்லை. லிங்க்கைத் தொட்டேன், கார்டு எண்ணைக் கொடுத்தேன், ஓ.டி.பி.யையும் கொடுத்தேன். போனது 1,180 இல்லை, 46,000.

“நாய்க்கா சார் இவ்வளவு?” என்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். ஆமாய்யா, நாய்க்குத்தான். மகன் சிங்கப்பூருக்குக் கிளம்பிய அன்றிலிருந்து மூன்று நாள் சோறு தொடாமல் வாசலில் கிடந்த நாய்க்கு. அது தொலைந்தால் அடையாளம் காட்ட இருக்கிற ஒரே எண்ணை அழித்துவிடுவோம் என்றால், நான் உட்கார்ந்து யோசித்துக்கொண்டா இருப்பேன்?

வயிறு எரிகிறது. அந்த எண்ணை எவனாலும் அழிக்க முடியாதாம்! சிப் என்பது அரிசிமணி அளவு கண்ணாடிக் குழல். தோலுக்கடியில் ஊசியால் போடுவது. பேட்டரி கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது. ரீடரைப் பக்கத்தில் காட்டினால் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அதில் எதைப் புதுப்பிக்க? சென்னையில் வருஷா வருஷம் புதுப்பிப்பது வளர்ப்புப் பிராணி லைசென்ஸை. அதற்கு 50 ரூபாய். 5,000 அபராதமும் அந்த மாநகராட்சி எல்லைக்குள், லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு. ஒரு பிடி உண்மையை எடுத்துப் பொய்யில் பிசைந்து ஊட்டியிருக்கிறார்கள். அறந்தாங்கிக்காரனுக்கு ஏது சென்னை அபராதம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லையே! எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் மாட்டுக்கும் 12 இலக்கத்தில் காதுவில்லை உண்டு. அதைப் புதுப்பிக்கிறேன் என்று காசு கேட்டு ஒருத்தன் நேரில் வந்திருந்தால், ஜல்லிக்கட்டு நடத்தும் தச்சங்குறிச்சிக்காரர்கள் அவனை வாடிவாசலில் நிறுத்தியிருப்பார்கள். இவன் நேரிலா வருகிறான்?

பெயர், சிப் எண், என் மின்னஞ்சல் மூன்றும் சேர்ந்து எங்கிருந்து போயின? ஊசி போட்ட இடம், தீவனம் வாங்கிய ஆப், முடி வெட்டிய கடை என்று எத்தனை இடத்தில் எழுதிக் கொடுத்தோமோ! கேட்டால் எல்லாரும் ஒரே பதில்: “எங்ககிட்டேருந்து போகலை சார்.” அப்படியானால் டப்பிதான் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும்.

உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்திருந்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த வழி இருந்திருக்கும். வெட்கம் விடவில்லை. ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லாமல் புரண்டுவிட்டுக் காலையில் அடித்தேன். புகார் எண் கொடுத்தார்கள். அதுவும் நீளமான எண்தான்.

மகனிடம் இன்னும் சொல்லவில்லை. வீடியோ காலில் அவன் “டஃபி” என்று கூப்பிட்டால் இது காதைத் தூக்குகிறது. எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நேற்று மறுபடி ஒரு மின்னஞ்சல். டஃபியின் பதிவு இன்னும் முழுமையாகவில்லையாம். பாக்கி 590 ரூபாய்.