புகார் இல்லை என்பது சான்றாகுமா?

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் தன் பெயரிலேயே மூன்று கடமைகளைச் சுமக்கிறது: தடுத்தல், தடை செய்தல், தீர்வு அளித்தல். முதலில் நிற்பது தடுத்தல். ஆனால் அச்சட்டத்தின் விதிகள் ஆண்டறிக்கையில் கேட்பவை வேறு: வந்த புகார்கள் எத்தனை, முடிக்கப்பட்டவை எத்தனை, நடத்திய பயிலரங்குகள் எத்தனை. துன்புறுத்தல் குறைந்ததா என்ற கேள்வி அப்பட்டியலில் இல்லை. ‘புகார் ஏதுமில்லை’ என்ற வரியோ நற்சான்றாக வாசிக்கப்படுகிறது.

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் அவ்வரிக்குப் பொருள் மிகக் குறைவு. உதவித்தொகைப் படிவம், கட்டுரையில் பெயர் இடம்பெறும் வரிசை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒப்புதல், வேலைக்கான பரிந்துரைக் கடிதம் என அனைத்தும் பெரும்பாலும் நெறியாளர் ஒருவரையே சார்ந்துள்ளன. அவர் மீதே புகார் அளிக்க நேர்ந்தால், ஆய்வாளர் பணயம் வைப்பது பல ஆண்டு உழைப்பை. சட்டமோ மூன்று மாதத்துக்குள் புகார் கேட்கிறது. தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். இத்தகைய இடத்தில் மௌனத்தை அமைதி என்று கொள்ள இயலாது.

மௌனத்துக்குள் இருப்பதை அறிய ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு நிதி வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, துன்புறுத்தலை முன்கணிக்கும் வலுவான காரணி நிறுவனச் சூழலே என்று கண்டது. புகார்களை எண்ணி மட்டும் அம்முடிவை எட்டியிருக்க முடியாது. ‘துன்புறுத்தல்’ என்ற சொல்லைத் தவிர்த்து, நேர்ந்த நடத்தைகளை மட்டும் கேட்கும் கருத்தாய்வுகள் பல பத்தாண்டுகள் நடந்ததன் பயன் அது.

டெல்லியில் அத்தகைய ஆய்வுக்கான களம் கண்முன்னே இருந்தது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1999இல், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர், ஆசிரியர், ஊழியர் பிரதிநிதிகள் இடம்பெற்ற பாலின உணர்வூட்டல் குழுவை அமைத்தது. 2017இல் அதனிடத்தில் உள்ளகப் புகார்க் குழு வந்தது. எந்த அமைப்பு கூடுதல் நம்பிக்கையைப் பெறுகிறது, எது தடுக்கிறது என்பது தரவுகளைக் கொண்டு விடைகாண வேண்டிய வினா. விவாதமோ போராட்டத்திலும் நிர்வாக ஆணையிலும் வழக்கிலுமே நடந்தது.

முதலில் சட்டத்தை நடைமுறைப்படுத்தட்டும், ஆய்வு பிறகு என்பார் உண்டு. நடைமுறையில் கடுமையான குறைபாடுகள் இருப்பதாக உச்ச நீதிமன்றமே 2023 மே மாதம் சுட்டிக்காட்டியது உண்மை. எனினும் எந்தப் பயிலரங்கு பயன் தருகிறது என்று அறியாமல் பயிலரங்குகளைப் பெருக்குவது, சோதிக்காத மருந்தை ஊரெங்கும் வழங்குவதற்கு ஒப்பானது.

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டத் திட்டமிடப்பட்டது. அறிவியலும் சமூக அறிவியலும் சந்திக்கும் துறைகளையும் அதன் 2023ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளடக்குகிறது. எனவே இடம் இல்லை என்று கூற வழியில்லை. பெயர் வெளியிடாத கருத்தாய்வுகள், குழு அமைப்புகளின் ஒப்பீடு, நெறியாளரின் தனி அதிகாரத்தைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் சோதனை முயற்சிகள் ஆகியவற்றுக்கு அது நல்கை அளிக்கலாம்.

ஒரு நிபந்தனை இன்றியமையாதது. ஆராயப்படும் நிறுவனத்தின் தலைமை வழியாக அந்நிதி செல்லலாகாது. அவ்வாறு சென்றால், புகார் அளிக்க அஞ்சியவரின் நிலையே ஆய்வை நடத்துபவருக்கும் வாய்க்கும்.